மஞ்சள் உகரம்: வன்னிப் பெருநிலப்பரப்பில் டீசல் பிக்கப்பை முதன்முறை ஓட்டுதல் பற்றிய ஓர் ஆய்வு

பெற்றோல் காரைப் பிழையில்லாமல் ஓட்டும் ஒருவர் டீசல் பிக்கப்பில் ஏறியதும் ஏன் மிரண்ட நாம்பன் மாடு போலப் பாய்கிறார், பாய்ந்த கையோடு ஏன் அப்படியே நின்றுபோகிறார் என்ற வினா கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. பெரும்பாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சாரத்தை மடித்துக் கட்டியபடி கேட்கப்படுவதால் அது ஆய்வுலகின் காதில் விழவில்லை. கேட்டவர்களும் விடைக்காகக் கேட்கவில்லை. அந்தக் குறையைப் போக்கும் நல்லெண்ணத்தோடும், மாமாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் முத்தையன்கட்டிலிருந்து நெல் ஏற்றிவர வேறு ஆளில்லாத நிர்ப்பந்தத்தோடும் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

முன்னோர் நூல்களைப் புரட்டினால் ஏமாற்றமே மிச்சம். வன்னியைப் பற்றி எழுதுகிற எவரும் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்கும் நூல், ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு. குளத்தைப் பற்றியும் குடியைப் பற்றியும் மனிதர் சலிக்காமல் தொகுத்திருக்கிறார். கிளச் பற்றி ஒரு வரி இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ரூடோல்ஃப் டீசல் என்பவரின் என்ஜின் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் உருப்படியாக ஓடிக் காட்டியது 1897இல்தான். லூயிஸ் துரை இரண்டு வருடம் பொறுத்திருந்தால் நூல் முழுமை பெற்றிருக்கும். பொறுத்திருத்தல் என்ற இந்த விஷயம் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும். வாசகர் பொறுத்தருள்க.

கருவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வன்னியில் ‘பிக்கப்’ என்றால் எது என்பதே ஒரு தனி ஆய்வுக்குரியது. நமது பத்திரிகைகளின் விபத்துச் செய்திகளில் ‘பட்டா ரக வாகனம்’, ‘கப் ரக வாகனம்’, ‘கன்ரர் ரக வாகனம்’ என்ற மூன்று சாதிகள் அடிக்கடி வரும். மோதிய பிறகுதான் ஒரு வாகனத்துக்கு ‘ரகம்’ கிடைக்கிறது என்பதை இங்கே கவனிக்க. பட்டா என்பது 2005இல் இந்தியாவில் வெளிவந்த இரண்டு சிலிண்டர் டாடா ஏஸ். தமிழ்நாட்டில் அதைக் ‘குட்டி யானை’ என்பார்கள். நெடுங்கேணிப் பக்கம் உண்மையான யானையே குட்டியோடு றோட்டைக் கடப்பதால், அந்தப் பெயர் இங்கே தேவையற்ற பதற்றத்தை உண்டாக்கும். கப் என்பது போருக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வெள்ளை நிறத்தில் கொண்டுவந்து நிறைத்த இரட்டைக் கதவுச் சாதி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாமாவின் வாகனம் இவற்றில் எதிலும் சேராது. முன்னால் மூன்று பேர் நெருக்கியிருக்கலாம், பின்னால் நீண்ட பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளை; இப்போது கிரவல் நிறம். தயாரித்த நிறுவனத்தின் பெயரில் பின்கதவில் மூன்று எழுத்துகளே மிஞ்சியிருப்பதால் அதை உறுதியாகச் சொல்வது ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது.

‘முதன்முறை’ என்பதன் வரையறை

இங்கேதான் மாமாவுக்கும் ஆய்வாளனுக்கும் முதல் கருத்து மோதல். ஆய்வாளன் இதைத் தன் முதல் முறை என்கிறான். மாமாவோ இது மூன்றாம் முறை, ஆகவே பிழைவிட உரிமையில்லை என்கிறார்.

அவர் காட்டும் முதல் சான்று, ஆய்வாளனுக்கு ஆறு வயதாக இருக்கையில் மடியில் இருத்தி ஸ்ரேரிங்கைப் பிடிக்கவிட்டது. அந்த வாகனம் உழவு இயந்திரம் என்பதை அம்மம்மா நினைவிலிருந்து எடுத்துச் சொன்னதால் சான்று தள்ளுபடியானது. இரண்டாவதைத் தள்ளுவது அவ்வளவு இலேசில்லை. 2022ஆம் ஆண்டு யூன் 26இல் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியது நினைவிருக்கும். விலைகூடப் பெரிய கவலையில்லை, சாமான் இல்லை. பெற்றோல் செற்றிலிருந்து புறப்பட்ட வரிசை ஒரு வளைவைத் தாண்டி, ஒரு பாடசாலையைத் தாண்டி, ஒரு செத்த வீட்டையும் தாண்டிப் போனது. (செத்த வீட்டுக்காரர் வரிசைக்கே தேநீர் அனுப்பினார்கள்.) வரிசை பத்து அடி நகர்கிறபோதெல்லாம் என்ஜினை எழுப்புவது ஊதாரித்தனம். ஆகவே நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, ஒருவர் ஸ்ரேரிங்கில் இருப்பார். அந்த ஒருவர் இவ்வாய்வாளன். இரண்டு பகலும் ஓர் இரவும் அவன் அந்த இருக்கையை விட்டு இறங்கவில்லை. தள்ளியவர்கள் ‘பொடியன் நல்லா ஓட்டுறான்’ என்று சொன்னதும் உண்மை. கியூஆர் அட்டை நடைமுறைக்கு வந்து வரிசை சுருங்கியபோது ஆய்வாளன் அந்த வாகனத்தை ஒரு சத்தமும் இல்லாமல் சில நூறு மீற்றர் ஓட்டி முடித்திருந்தான்.

என்ஜின் உறங்கும் வாகனத்தைச் செலுத்தியதை ஓட்டியதாகக் கொள்ளலாமா? கொண்டால், வன்னியில் அந்த வருடம் டீசல் வாகனம் ஓட்டப் பழகியவர்களின் தொகை இலங்கை வரலாற்றிலேயே உயர்ந்ததாக இருக்கும். ஆய்வாளனின் முடிவு: கொள்ள முடியாது. எரிபொருள் எரிந்தால்தான் ஓட்டம்.

அந்த எரிதல்தான் விஷயம். பெற்றோல் என்ஜினுக்குள் ஒரு பிளக் பொறி தட்டிக் கொளுத்துகிறது. டீசல் என்ஜினில் அப்படிக் கொளுத்திக் கொடுக்க ஆளில்லை. வெறுங்காற்றை உள்ளே இழுத்து, பதினாறில் ஒன்று, இருபதில் ஒன்று என்ற அளவுக்கு நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 பாகைக்கு மேல் கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் டீசலைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது. நெருக்கினால் சூடேறும், சூடேறினால் பற்றும். பல்லாண்டு காலம் நெருக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பில் இந்த என்ஜின் ஏன் இவ்வளவு பிரபலம் என்று கேட்டு அரசியல் கட்டுரை எழுத விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம். ஆய்வாளனுக்கு நெல் ஏற்றும் வேலை இருக்கிறது.

மஞ்சள் விளக்கு

மாசி மாதத்துக் காலை. காலபோக நெல் சூடடித்து முடிந்த நேரம். முன்கண்ணாடியில் பனி. ஆய்வாளன் ஏறி அமர்ந்து, திறப்பைப் போட்டு, தன் பெற்றோல் பழக்கத்தின்படி ஒரே மூச்சில் முழுவதும் முறுக்கினான். என்ஜின் ஏழெட்டு முறை இருமிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

“பொறு ராசா,” என்றார் மாமா. “உந்த மஞ்சள் லைற் அணையட்டும்.”

திறப்பைப் பாதி திருப்பினால் மீற்றருக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சுருள் போன்ற ஓர் அடையாளம். சிலிண்டருக்குள் இருக்கும் சூடேற்றும் பிளக்குகள் சிவந்து தணலாகும்வரை பொறு என்பது அதன் பொருள். பழைய என்ஜின் என்றால் குளிர் நேரத்தில் பத்துப் பதினைந்து விநாடி செல்லும். உலகம் முழுவதும் இதைக் கம்பிச் சுருள் என்றே விளக்குகிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் இரண்டு உகரத்தை முதுகுக்கு முதுகு நிறுத்தியதுபோல இருக்கும். கடிதமோ கணக்கோ எழுதத் தொடங்குமுன் தாளின் உச்சியில் நாம் போடும் பிள்ளையார் சுழியும் உகரம்தானே. ஆகவே இதை வடிவமைத்த பொறியியலாளர், எந்த நாட்டவராயினும், பிள்ளையார் சுழி போடாமல் வாகனத்தை எடுக்கக்கூடாது என்ற கொள்கையுடையவர் என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு. மறுப்போர் ஒரு மாசிக் காலையில் மறுத்துப் பார்க்கட்டும்.

விளக்கு அணைந்தது. ஆய்வாளன் கையை எடுத்தான்.

“இன்னும் பொறு.”

“அணைஞ்சிட்டுது மாமா.”

“அது அணையும். உள்ளுக்கை சூடேறினதோ எண்டு அதுக்கென்ன தெரியும்? மூண்டுதரம் பிள்ளையாரைச் சொல்லு.”

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட ஆய்வாளன் எழுதுகோலை எடுத்தான். எடுத்தபின் மாமாவின் கல்வித்தகைமையை நினைத்து வைத்துவிட்டான். அவர் வாகனம் பழகியது தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள். பெற்றோலும் டீசலும் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருள்கள். காரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலைக் கார்பரேற்றருக்குச் சில துளி கொடுத்து என்ஜினை எழுப்புவார்கள். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எப்போது மாற்றுவது என்பதைச் சொல்ல அந்தக் காலத்தில் மஞ்சள் விளக்கு எதுவும் இல்லை. காதால் கேட்க வேண்டும், பொனற்றில் கையை வைத்துப் பார்க்க வேண்டும், புகையின் மணத்தைப் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் என்ஜின் செத்துவிடும். திரும்ப எழுப்ப இன்னும் சில துளி. போத்தல் காய்ந்தால் அன்றைய பயணம் அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளையோடு பின்னால் ஆள் இருந்தாலும் அவ்வளவுதான். அப்படிப் பழகிய ஒருவர் ஒரு விளக்கை முழுதாக நம்பமாட்டார்.

ஆய்வாளன் மூன்றுதரம் பிள்ளையாரைச் சொன்னான். என்ஜின் முதல் முறுக்கிலேயே எழுந்து, உடம்பு முழுவதும் ஒருமுறை உலுக்கிக்கொண்டு, கரும்புகையை மதிலுக்கு அனுப்பியது. கண்ணாடியில் இருந்த மாமியின் படிமம் எட்டுத் துண்டாக நடுங்கியது.

குற்றியலுகரம்

அடுத்தது கிளச். மாமா ‘கிளச்சு’ என்றே சொல்வார். இலக்கணப்படி அது வன்றொடர்க் குற்றியலுகரம். தற்செயல் என்று நினைக்க இடமில்லை.

உகரத்தின் முழு அளவு ஒரு மாத்திரை. குற்றியலுகரம் அரை மாத்திரைதான். உதடு முழுதாகக் குவிவதில்லை, ஒலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் நிற்கும். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று நம் இலக்கணக்காரர்கள் அளந்துவைத்தார்கள். கிளச் மிதியை விட்டுக்கொண்டு வருகையில் ஓர் இடத்தில் என்ஜினின் சத்தம் இலேசாகத் தாழும், பொனற் ஒரு விரற்கடை உயரும். சக்கரம் நகர்கிறதா இல்லையா என்று தெரியாது. அந்த அரைக் கிளச்சின் நீளம் அரை மாத்திரை. கண்ணிமையின் பாதிக்குள் கால் அதைக் கண்டுபிடித்து அங்கே நிற்க வேண்டும்.

பெற்றோல் வண்டியில் இந்த இடம் பெரிதாகத் தெரியாது. அங்கே வலது கால் அக்சிலேற்றரை மிதித்துக் குறையைச் சரிக்கட்டிவிடும். ஆய்வாளனின் வலது கால் சாரதிப் பாடசாலை ஒன்றின் சின்னப் பெற்றோல் காரில் பட்டம் பெற்ற கால். பழக்கதோஷத்தில் நன்றாக மிதித்தது. டீசல் என்ஜினின் இழுவை கீழ்ச் சுற்றிலேயே இருக்கிறது. மிதிக்காமலே, கிளச்சை மெள்ள விட்டால் போதும், சமதரையில் பிக்கப் தானே ஊரத் தொடங்கும். மிதித்துக்கொண்டு விட்டால் என்ன நடக்கும் என்பதை வளவில் மேய்ந்த கோழிகள் முதலில் அறிந்துகொண்டன.

“காலை எடு!”

“எந்தக் காலை மாமா?”

“ரெண்டையும்!”

இரண்டையும் எடுத்ததும் வாகனம் ஒருமுறை துள்ளி, படலைக்கு நாலு முழம் முன்னால் செத்தது. பெட்டிக்குள் இருந்த மூவரில் ஒருவர் விழுந்ததாகச் சத்தம் வந்தது. முறைப்பாடு எதுவும் பதிவாகவில்லை.

இம்மூவர் யாரென்று சொல்ல வேண்டும். மச்சான், மச்சானின் தம்பி, அவர்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவர். மூடை ஏற்ற வந்தவர்கள் என்பது வெளிக் காரணம். உண்மையில் அவர்களே இவ்வாய்வின் மதிப்பீட்டாளர்கள். வன்னியில் வளர்ந்தவன் டீசல் வாகனத்தைப் பின்பெட்டியிலிருந்தே கற்றுத் தொடங்குகிறான். திருவிழாவுக்கு, சாமத்திய வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, இடம்பெயர்வுக்கு என்று எல்லாவற்றுக்கும் பெட்டிக்குள் ஏறியவன். எந்தப் பள்ளத்துக்கு எந்தக் கியர் என்பது அவனுக்கு இடுப்பெலும்பில் எழுதியிருக்கிறது. அதனால் முன்னால் ஓட்டுபவன் விடும் ஒவ்வொரு பிழையும் பின்னால் உடனுக்குடன் தெரியும். கூரையில் தட்டுவார்கள். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ என்பது மச்சானின் முறை. பெரியவருக்கு இது நேர்மாறு. தம்பிக்காரன் பாட்டுக்குத் தாளம் போடுவான். மூன்று முறைமைகளும் ஒரே கூரையில் ஒரே நேரத்தில் இயங்கியதால் ஆய்வாளன் கிளிநொச்சி நகரைக் கடக்குமுன் நாலு இடத்தில் காரணமில்லாமல் நின்றான்.

அரைக் கிளச்சைப் பற்றி ஆய்வாளன் கேட்டதிலேயே தெளிவான விளக்கம் மாமாவிடமிருந்து வரவில்லை. நாலாவது இடத்தில் நின்றபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக் கப் வந்து நின்றது. ஓட்டியவர் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த அக்கா, கண்ணிவெடி அகற்றும் வேலை செய்பவர். அந்த வேலையில் வன்னிப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

“தம்பி, நாங்கள் மண்ணை மேலாலை குத்திறேல்லை. பக்கத்தாலை மெள்ள மெள்ளச் சுரண்டித்தான் போறது. ஏதும் தட்டுப்பட்டால் அந்த இடத்திலையே கை நிக்கவேணும். கிளச்சும் அப்பிடித்தான்.”

சொல்லிவிட்டு முதற் கியரிலிருந்து இரண்டுக்கு மாறிப் போனார். மாறியது கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை. தொல்காப்பியருக்குப் பிறகு குற்றியலுகரத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கியவர் வேறு யாருமில்லை.

ஏழு திணை

கியர்த்தடியின் தலையிலிருந்த வரைபடம் மாமாவின் உள்ளங்கையில் தேய்ந்து மறைந்துவிட்டது. ஆனாலும் எண்ணிக்கை தெரியும்: முன்னோக்கி ஐந்து, பின்னோக்கி ஒன்று, நடுவில் ஒன்றுமில்லாத ஓர் இடம். ஆக ஏழு. அகத்திணையும் ஏழு. நடுவே ஐந்திணை, ஒரு பக்கம் கைக்கிளை, மறுபக்கம் பெருந்திணை. இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை என்றாலும் ஆய்வுக் கட்டுரை என்பதால் விளக்குகிறோம்.

நியூற்றல் என்பது கைக்கிளை. ஒருதலைக் காதல். என்ஜின் உருகிக்கொண்டு நிற்கும், சக்கரத்துக்கு ஒரு சலனமும் இராது.

முதற் கியர் குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். என்ஜினும் சக்கரமும் முதன்முதல் கூடும் இடம் இது. வன்னியில் மலை ஏது என்று கேட்பீர்கள். குளக்கட்டு இருக்கிறது. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வயலுக்கு இறங்க, பொனற்றுக்கு மேலால் ஆகாயம் மட்டும் தெரிகிற ஒரு கட்டில் ஏற வேண்டியிருந்தது. அங்கே ஆய்வாளன் உணர்ந்த உயரத்தைக் கபிலர் பறம்பில்கூட உணர்ந்திருக்க மாட்டார்.

இரண்டாம் கியர் முல்லை. காடு, ஆநிரை, காத்திருத்தல். முல்லைத்தீவு மாவட்டத்தில் இந்தத் திணையை விளக்க உரையாசிரியர் தேவையில்லை. கட்டாக்காலி மாடுகள் றோட்டின் நடுவே படுத்து அசைபோடும். அவை கோர்னுக்கு எழும்பா. எழும்புவதா விடுவதா என்று அவை தீர்மானிக்கும்வரை இரண்டாம் கியரில், அரைக் கிளச்சில், தலைவி போல ஆற்றியிருக்க வேண்டும். இங்கே ஓர் இலக்கண நுட்பம்: ‘மாடு’ என்பதில் வருவது குற்றியலுகரம், ‘பசு’ என்பதில் வருவது முற்றியலுகரம். ஆகவே மாட்டுக்கு அரைக் கிளச்சும் பசுவுக்கு முழுக் கிளச்சும் மிதிக்க வேண்டும் என்று ஆய்வாளன் மாமாவிடம் சொன்னான். மாமா அவனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “நீ றோட்டைப் பார்,” என்றார்.

மூன்றாம் கியர் மருதம், ஊடல். வயல் ஓரத்துக் கிரவல் பாதையில் நாலுக்கு வேகம் போதாது, இரண்டுக்கு வேகம் கூட. மூன்றில் என்ஜின் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகும். நாலாம் கியர் நெய்தல், இரங்கல். கடற்கரைக்கு நாங்கள் போகவில்லை, விட்டுவிடுவோம்.

ஐந்தாம் கியர் பாலை. பிரிதல். ஏ9 வீதியில் மாங்குளத்தை நோக்கிப் போகையில் அது தானாக விழுந்தது. இரு பக்கமும் பாலை மரங்கள் தென்பட்டன. அகத்திணைப் பாலையும் நாம் வைகாசி, ஆனியில் பழம் பொறுக்கும் வன்னிப் பாலையும் வேறு வேறு மரங்கள் என்று தாவரவியல் படித்தவர்கள் திருத்துவார்கள், சரி, திருத்தட்டும். ஆனால் இந்த வீதி பிரிவின் வீதி என்பதைத் திருத்த முடியாது. 2002 சித்திரையில் திறந்தார்கள். 2006 ஆவணியில் மூடினார்கள். 2009இல் போர் முடிந்தபின் மெல்ல மெல்லத் திறந்தார்கள். ஓமந்தையில் இறங்கி நடந்து, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறிய ஒரு தலைமுறை முழுவதும் இதில் போய்வந்தது. அவர்களுக்கு ஐந்தாம் கியர் என்பது கேள்விப்பட்ட சமாச்சாரம். இப்போது பெட்டிக்குள்ளிருந்த பெரியவர் காற்றுக்குச் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு, கூரையில் தட்டாமல் வந்தார். வெறும் பெட்டி என்பதால் பின்பக்கம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளியது, ஆனாலும் தட்டவில்லை.

பெருந்திணை, அதாவது றிவேர்ஸ், கடைசியில் வரும்.

கச்சான் பற்றிய இடைச்செருகல்

மாங்குளத்துக்கு முன்னமே முறிகண்டி வந்துவிடுகிறது. அங்கே நிற்காமல் எந்த வாகனமும் போவதில்லை. பேருந்தும் நிற்கும், டிப்பரும் நிற்கும், அமைச்சர்களும் நிற்பார்கள். சின்னஞ்சிறு கோயில். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசி, பக்கத்துக் கடைகளில் வறுத்த கச்சான் சரையோடு திரும்ப ஏறுவது முறை. ஆய்வாளன் நிறுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கியரில் வைத்தபடியே கிளச்சை விட்டதால் வாகனம் தானே நின்றுகொண்டது. பிள்ளையார் நிறுத்தினார் என்றார் பெரியவர்.

பயணத்துக்கும் கச்சானுக்கும் என்ன தொடர்பு என்று பலரும் யோசித்திருக்கலாம். வெறும் கொறியல் என்று நினைத்திருக்கலாம். வரலாறு வேறு சொல்கிறது. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் என்ஜினை ஓட்டிக் காட்டியது. அதற்கு ஊற்றியது நிலக்கடலை எண்ணெய். அதாவது கச்சான் எண்ணெய். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை மலிந்து கிடக்கிறதே, அதைக் கொண்டு என்ஜின் ஓட்டினால் என்ன என்று பிரெஞ்சு அரசு நினைத்தது. என்ஜின் பேசாமல் ஓடியதாம். கனிம எண்ணெய்க்கென்று செய்த என்ஜினில் மாற்றம் எதுவும் செய்யாமலே கடலை எண்ணெயை ஊற்றினார்கள் என்றும், பார்த்தவர்களில் மிகச் சிலரே வித்தியாசத்தைக் கவனித்தார்கள் என்றும் டீசலே பின்னர் சொல்லியிருக்கிறார். அவர் 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில் இரவோடிரவாகக் காணாமற் போனார். போகிற வழியில் தேங்காய் உடைக்கும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை.

இன்னும் ஒன்று. கச்சான் என்றால் நம்மிடம் கடலை மட்டுமல்ல, மேற்கேயிருந்து சுடச்சுட வீசும் காற்றுக்கும் அதே பெயர். டீசல் என்ஜினுக்குத் தேவையானவை எவை? சூடான காற்று, அதில் தூவ ஓர் எண்ணெய். கச்சானும் கச்சானும். ஒரே சொல்லுக்குள் முழு என்ஜினையும் அடக்கிவைத்த மொழி வேறு உண்டா என்று ஆய்வாளன் கோயிலடியில் நின்று சத்தமாகவே கேட்டான். கச்சான் விற்ற அம்மா, “எத்தினை சரை தம்பி?” என்று கேட்டார். வரும்போது வாங்குவதாகச் சொல்லி ஏறினோம்.

ஏறியதும் ஆய்வாளன் திறப்பை முழுவதும் முறுக்கினான். மாமா கையைப் பிடித்தார். சூடான என்ஜினுக்கு விளக்கு இரண்டு விநாடியில் அணைந்துவிடும் என்று ஆய்வாளன் வாதிட்டான். அது சரிதான்; முப்பது பாகை வெயிலில், ஓடிச் சூடான என்ஜினுக்கு அந்தத் தணல் தேவையே இல்லை. ஆனால் பிள்ளையார் கோயிலடியில் நின்றுகொண்டு பிள்ளையாரைச் சொல்லாமல் எடுப்பதா என்று மாமா கேட்டதற்கு எந்த நூலிலும் பதிலில்லை.

களத்தின் மீதி

மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வரைக்கும் சொல்ல அதிகமில்லை. ஒட்டுசுட்டான் சந்தியில் ஆய்வாளன் மூன்றுமுறை என்ஜினைச் சாகவிட்டான். அதையடுத்த கற்சிலைமடுவில் 1803 ஐப்பசி கடைசியில் பண்டாரவன்னியன் படை முறிந்தது. இரண்டையும் ஒப்பிடுவது இவ்வாய்வின் நோக்கமில்லை. எனினும் பின்னால் நின்ற டிப்பர்காரர் அடித்த கோர்ன், எதிரிப் படையின் பீரங்கியை விட இரக்கம் குறைந்தது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

வயலில் பன்னிரண்டு மூடை ஏற்றினோம். ஏற்ற ஏற்றப் பின்பக்கத்து வில்தகடுகள் படிந்து நிமிர்ந்தன, வாகனம் ஒரு பெரிய மனிதரின் அடக்கத்துக்கு வந்தது. இது முக்கியமான தரவு. வெறுமையாக வருகையில் சின்னக் கல்லுக்கும் துள்ளிய அதே பிக்கப், பாரம் ஏறியதும் பள்ளத்தைப் பள்ளமென்றே மதிக்காமல் தாழ்ந்து எழுந்து போனது. கிளச்சும் இளகிவிட்டதுபோல் தோன்றியது. குளக்கட்டை முதற் கியரில், அக்சிலேற்றரைத் தொட்டும் தொடாமலும் ஏறி முடித்தபோது பெட்டிக்குள் மூடைகளின் மேல் படுத்திருந்தவர்களிடமிருந்து ஒரு தட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மூவரும் நித்திரை. மதிப்பீட்டாளர் நித்திரை கொள்வதைவிடப் பெரிய அங்கீகாரம் ஓர் ஆய்வுக்குக் கிடைப்பது அரிது.

ஒரு தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் ஒரு பெற்றோல் செற்றில் நிறுத்தி, பொடியன் “என்ன அடிக்கிறது?” என்று கேட்க, மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் ஆய்வாளன் வாய் “பெற்றோல்” என்றது. டீசல் என்ஜினின் பம்புக்கு டீசலே எண்ணெயும் மசகும். பெற்றோல் போனால் உள்ளே உலோகத்தோடு உலோகம் தேயும். நல்லவேளை, குழாய் வாய்க்குள் போகுமுன் நித்திரையில் இருந்ததாக நாம் கருதிய பெரியவர் பெட்டிக்குள்ளிருந்து “டீசலடா!” என்று கத்தினார். கூரையிலும் தட்டினார். ஒரு தட்டு. அவர் முறைப்படி அதற்குப் பொருள் ‘போ’.

பெருந்திணை

பொருந்தாக் காமம் என்பார்கள். வீட்டு ஒழுங்கைக்குள் பாரத்தோடு பின்னால் போக வேண்டிவந்தது. மூன்று கண்ணாடி, மூன்றிலும் வேறு வேறு உலகம். இடது கண்ணாடியில் வேலி, வலது கண்ணாடியில் மாமி, நடுக் கண்ணாடியில் நெல் மூடை. “விடு விடு” என்று மச்சான் ஒரு பக்கம், “வெட்டு வெட்டு” என்று தம்பிக்காரன் மறுபக்கம். எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. படலைத் தூண் முதிரை மரம். அது விழவில்லை, கொஞ்சம் சாய்ந்தது. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து, “தள்ளு ராசா,” என்றார். மிச்சத்தை அவரே ஒரே வெட்டில் முடித்தார். ஆகவே பெருந்திணை பற்றிய அதிகாரம் வேறொருவரால் எழுதப்பட்டது என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம்.

வாய்மொழித் தேர்வு முற்றத்தில் நடந்தது. தேர்வாளர் அம்மம்மா. திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர். தூணைப் பற்றிக் கேட்பார் என்று ஆய்வாளன் தயாராக நின்றான். மஞ்சள் உகரம், குற்றியலுகரம், ஏழு திணை, பாரிஸ் கண்காட்சி என்று விடைகள் நாக்கின் நுனியில் இருந்தன. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“முறிகண்டியிலை கச்சான் வாங்கினியோ?”

நாலு சரை வாங்கியிருந்தோம். இரணைமடுச் சந்தி வருமுன்னமே பெட்டியில் இருந்த மூவரும் தின்று முடித்துவிட்டார்கள். ஆய்வாளன் பெட்டிக்குள் ஏறி, மூடைகளுக்கிடையில் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறான்; வந்தது முழுக்கக் கோது.